தார்ச்சாலைக்கு மஞ்சள் காமாலை

விமானத்திலிருந்து பார்த்தால் அவர் ஒரு கறுப்புப் புள்ளி. பத்தொன்பது வருடப் படங்களில், ஓடுபாதையை ஒட்டிய புல்வெளியில், ஒரு சாம்பல் சதுரமும் ஒரு கருஞ்சதுரமும் தெரியும். அவற்றின் ஓரத்தில் அந்தப் புள்ளி நிற்கும். வீட்டு ஆல்பத்தில் அவர் இருக்கும் படங்களைவிட இந்தப் படங்கள் அதிகம். விமானிகள் அவருக்கு வைத்த பெயர் காக்கா. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதனால் பெயர் நிலைத்துவிட்டது. மேலதிகாரிகளிடம் நயந்து பேசி எதையும் வாங்கத் தெரியாதவருக்கு இந்தப் பெயரா என்று அலுவலகத்தில் ஒரு கேலியும் உண்டு. "காக்கா பிடிக்கத் தெரியாத காக்கா" என்பார்கள்.

வேலை என்ன என்று கேட்டால் "துணி விரிக்கிறது" என்பார். மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது பள்ளிப் படிவத்தில் அப்பா தொழில் சலவைக்கடை, அம்மா தொழில் துணி விரித்தல் என்று எழுதிக் கொடுத்தாள். அம்மாவும் கடையில்தான் இருக்கிறார் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார். அதைத் திருத்த வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் விரிப்பது வேறு துணி. விமானத்தின் வயிற்றில் ஒரு கருவி இருக்கிறது. சாதாரணக் கேமரா மூன்று நிறங்களாகப் பார்க்கும் வெளிச்சத்தை அது நானூறுக்கும் மேற்பட்ட நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும். கண்ணுக்கு எட்டாதவையும் அதில் உண்டு. ஒரு மரத்தின் இலையில் எவ்வளவு பச்சையம், எவ்வளவு மஞ்சள் நிறமி, எவ்வளவு ஈரம் என்பதை ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே அதனால் கணிக்க முடியும். காடு, புல்வெளி, சதுப்பு, வயல் என்று நிலத்தில் உயிருள்ளவை எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவது அந்தக் கருவியை வைத்துத்தான். ஆனால் இடையில் தூசி இருக்கிறது, ஈரக் காற்று இருக்கிறது, கருவிக்கே சூடேறுகிறது. அதனால், நிறம் முன்பே தெரிந்த ஏதாவது ஒன்றைத் தரையில் அது பார்த்தாக வேண்டும். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் சரிசெய்யப்படும். காட்டின் நிறத்தைச் சொல்ல வந்த கருவிக்கு, சாம்பல் எது என்று முதலில் யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். காக்காவின் துணி அதற்குத்தான்.

பறக்கும் நாட்களில் விமானம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் புல்வெளியில் இருப்பார். எட்டு மீட்டர்ச் சதுரத் துணிகள் இரண்டையும் சுருள் பிரித்து, ஓரங்களில் மணல் மூட்டை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு துணிமேல் நடந்து பெருக்குவார். பிறகு ஒரு வெள்ளைப் பலகையைக் கைக்கருவியால் அளப்பார், துணியை அளப்பார், மறுபடி பலகை. விமானம் கடந்து போகும்வரை இதுதான். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. வெள்ளைச் சட்டை போட்டால் அதில் பட்ட வெயில் துணியில் தெறித்து அளவைக் கெடுக்கும்.

ஒருமுறை காலையில் விமானம், பகலில் அக்கா மகன் கல்யாணம். உடை மாற்ற நேரமில்லை. வாசலிலேயே அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, கல்யாணத்துக்கு வந்தியா, துக்கம் கேக்க வந்தியா?"

"பொண்ணு வீட்டப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுதுக்கா" என்றார் காக்கா. அக்கா இரண்டு மாதம் பேசவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அளவுத் தாளில் அவர் எதையும் அழிக்க மாட்டார். தவறான அளவு என்று பட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. கைக்கருவியில் பதிவானதையும் அழிக்க மாட்டார். அலுவலகத்தில் எல்லாருக்கும் இது விதி. அவருக்கு மட்டும் அது ரத்தத்தில் கலந்துவிட்டது. வீட்டுக் கடைச்சீட்டில் தேவையில்லாததையும் அப்படியே அடிப்பார். கணவர் கடைக்காரரிடம் நின்று முழிப்பார். "அடிச்சிருக்கா, ஆனா நல்லா தெரியுதே. இத வாங்கணுமா வேண்டாமா?"

கணவருக்கு இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை. பெரிய இயந்திரங்கள் மூன்று, பின்னால் ஒரு முற்றம். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைக் கோட்டுகளும் அங்கேதான் வரும். கறை என்றால் அவருக்குச் சொந்தப் பகையாளி. தெருவில் போகிறவர் சட்டைக் காலரைக்கூட நின்று பார்ப்பார். மனைவியின் துணிகள் மட்டும் அவர் கைக்கு வரக்கூடாது என்று பத்தொன்பது வருடமாகத் தடை. வெறும் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், நிழலில் உலர்த்தல். அவ்வளவுதான் அனுமதி, அதையும் காக்காவே செய்துகொள்வார். "வீட்டுல சலவைக்காரன வச்சுக்கிட்டு இவ தண்ணில அலசுறா. இத வெளிய சொன்னா என் கடைக்கு எவன் வருவான்?" என்று அவர் வருடத்துக்கு நான்கு தடவையாவது சொல்வார்.

அந்த வருடம் மழைக்குப் பிறகு ஜீப் சேற்றில் புதைந்தது. இழுத்தபோது உள்ளே எல்லாம் உருண்டது. சாம்பல் துணியில் சேறும், உள்ளங்கை அகலத்துக்கு இயந்திர எண்ணெயும் பட்டுவிட்டன. கைக்கருவியின் கம்பி வடமும் அடி வாங்கியது. துணியைக் கடை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, மறுநாள் கழுவலாம் என்று காக்கா பல் மருத்துவரிடம் போனார். திரும்பி வரும்போது கன்னம் மரத்திருந்தது, பேச வாய் வரவில்லை. துணி நிழலில் உலர்ந்துகொண்டிருந்தது. சேறும் இல்லை, எண்ணெயும் இல்லை.

"நீ வலியோட வருவியேன்னு நானே முடிச்சுட்டேன்" என்றார் கணவர். காக்கா தலையை மட்டும் ஆட்டினார். விதிகளை நூறு தடவை கேட்டவர், வெறும் தண்ணீரில்தான் கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து மூன்று நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று நாளும் விமானம் சதுப்புக் காட்டின்மேல் பறந்தது. முதல் நாள் துணியை அளந்தபோது கைக்கருவியின் திரையில், எப்போதும் தட்டையாக ஓடும் கோடு, நீலத்தின் பக்கம் சின்னதாக முதுகு வளைத்து எழுந்திருந்தது. காக்கா மறுபடி அளந்தார். அதே முதுகு. சேற்றில் அடிபட்ட வடத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக ஒரு நாளும் மாறாத துணி. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்றால் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. புதிய அளவுகளின்மேல் ஒரு கோடு போட்டார், பக்கத்தில் போன வார அளவை எழுதினார், "வடம் பழுது" என்று குறித்தார், கீழே கையெழுத்திட்டார். மூன்று நாளும் அப்படியே.

நாம் ஒன்றை நம்பி மற்றதை அளக்கத் தொடங்கினால், நம்பியதை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி பழையது. பெரிய தலைகள் அதில் முட்டியிருக்கின்றன. காக்காவுக்கு அந்தக் கேள்வி புல்வெளியில், காலுறையோடு நின்றபோது வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

விமானத்தின் படங்களை வரைபடமாக்கும் குழுவின் தலைவரைப் படக்காரர் என்பார்கள். காக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். காக்காவை அக்கா என்பார். காக்கா அவரை சார் என்பார், கோபம் வந்தால் தம்பி என்பார். அந்த வருடம் படக்காரர் ஒரு திட்டம் எழுதியிருந்தார். துணிகள் கிழிகின்றன, அழுக்காகின்றன. அடுத்த வருடம் முதல் ஓடுபாதை முனையில் ஒரு காங்கிரீட் தளத்தையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். கடைசி வரி, "ஆள் தேவையில்லை." காக்காவுக்குப் படங்கள் அடுக்கும் அறையில் இடம்.

"உங்களுக்கும் நல்லதுதானேக்கா. வெயில்ல நிக்க வேண்டாம்."

"வெயில் சுடுதுன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

திட்டம் இன்னும் மேலே போகவில்லை, படக்காரரின் மேசையில் இருந்தது. காக்கா அவர் அறை வழியாகப் போகும்போதெல்லாம் அதன் மூலையைப் பார்ப்பார். படங்கள் அடுக்கும் அந்த ஜன்னலில்லாத அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. துணி சரியாக இருக்கும்வரை ஒரு வாதம் இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

பத்து நாள் கழித்துப் படக்காரர் அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சதுப்புக் காடு முழுக்க மஞ்சள் நிறமி கூடியிருந்தது. இலை உதிரும் காலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே காடு பழுத்துக்கொண்டிருந்தது.

"காடே சீக்காயிடுச்சுக்கா. வெள்ளிக்கிழமை வனத்துறைக்கு அனுப்புறேன். மரத்தை வெட்டி நோயத் தடுக்கணும்னு சொன்னாலும் சொல்வாங்க."

படக்காரரின் குரலில் கவலை இருந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரின் உற்சாகமும் கொஞ்சம் இருந்தது. காக்கா காட்டைப் பார்க்கவில்லை. காட்டைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர் பார்த்தது காட்டின் நடுவே போகும் சாலையை. அந்தச் சாலையோரச் சேற்றில்தான் ஜீப் புதைந்தது.

"சார், இந்த ரோடு ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி?"

"மஞ்சளடிக்குது. அந்தத் தகரக் கூரையப் பாருங்க, அதுவும். மரத்துக்கு நோய் வரலாம். தார் ரோட்டுக்கு மஞ்சக் காமாலை வருமா?"

படக்காரர் திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். "நீலம் எல்லா இடத்துலயும் குறையுது" என்றார். பிறகு, "விமானக் கருவிதான் மாறியிருக்கணும். துணி அளவு சரியா இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கருவியக் கழற்றி அனுப்பச் சொல்றேன்."

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்பதை அவர் சந்தேகமாகச் சொல்லவில்லை. அதுதான் காக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது.

கைக்கருவியில் முதுகு வளைத்த அந்தக் கோடு நினைவுக்கு வர, நேரே கிடங்குக்குப் போனார். சாம்பல் துணியின் சுருளைப் பிரித்து, முட்டி போட்டுக் குனிந்து மோந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. எழுந்தவர் ஏதோ தோன்றி, கிடங்குக் காவலரைக் கூப்பிட்டார்.

"இத மோந்து பாருங்க. ஏதாவது வாசனை வருதா?"

காவலர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குனிந்தார். "வருதேக்கா. உங்க வாசனைதான்."

"என் வாசனையா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உள்ள வந்தாலே அடிக்குமே, துவைச்ச துணி வாசனை. பூ மாதிரி."

முப்பது வருடமாக அந்த வாசனைக்குள்ளேயே வாழ்கிறவர் மூக்குக்கு அது எங்கே தெரியும்? மூன்று நாளும் அந்தத் துணிமேல் மணிக்கணக்கில் நடந்திருக்கிறார். தன் வீட்டு வாசனை புல்வெளியில் கிடந்ததை அவர் ஒருவரால்தான் கண்டுபிடிக்க முடியாமல் போனது.

கடையில் கணவர் மருத்துவமனைக் கோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அன்னிக்குத் துணிய எதுல கழுவினீங்க?"

"தண்ணிலதான்."

"தண்ணில மட்டுமா?"

கணவர் எண்ணிக்கையை விட்டார். "சேறு தண்ணிலயே போயிடுச்சு. அந்த எண்ணெய் தண்ணிக்குப் போற ஆளா? ஒரு கைப்பிடி பவுடர் போட்டேன். ஒரே கைப்பிடிம்மா. அப்புறம் நாலு தண்ணி விட்டேன்."

"அதுல என்ன இருக்கு?"

அவர் தொழில்காரர். கேள்வி முடியும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கோட்டை வெயிலில் நீட்டிப் பார்த்தார். அது வெள்ளையைவிட வெள்ளையாக, விளிம்பில் ஒரு நீலத்தோடு மின்னியது. "வெளுப்பு மருந்து இருக்கு. கண்ணுக்குத் தெரியாத வெயில வாங்கி நீலமாத் திருப்பி விடும். அதுக்காகத்தானே ஜனங்க என்கிட்ட வர்றாங்க." கோட்டைக் கீழே வைத்தார். "திரும்ப எத்தன தண்ணி விட்டாலும் முழுசாப் போகாது."

காக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் வந்து உங்க சார்கிட்ட சொல்றேன். நான்தான் செஞ்சேன்னு."

"என்னன்னு சொல்வீங்க? பொண்டாட்டிக்குப் பல் வலின்னா?"

"ஆமா. அதுதானே நிஜம்."

"துவைச்சது நீங்க. கைக்கருவி சரியாச் சொன்னத அடிச்சுட்டுத் தப்பை எழுதினது நான்."

அன்று பிற்பகல் முழுக்க அவர் சமையலறை மேசையில் மூன்று தாள்களையும் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விமானக் கருவியைக் கழற்றி அனுப்புவார்கள், அங்கே யாராவது எதையாவது திருகித் திருப்பி அனுப்புவார்கள், வரைபடம் கைவிடப்படும். துணியின்மேல் பழி வராது. சொன்னால், துணியை நம்ப முடியாது என்பதற்குப் படக்காரருக்கு வேறு சாட்சி வேண்டாம். "ஆள் தேவையில்லை" என்ற வரிக்கு அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அவர் நல்லவர் என்பதால் உடனே முடிவெடுத்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் நான்கு மணி நேரம் ஆனது. மகள் வேலையிலிருந்து வந்து தாள்களைப் பார்த்தாள்.

"என்னம்மா இவ்வளவு அடிச்சிருக்க? கடைச்சீட்டு மாதிரி."

"அதேதான்" என்றார் காக்கா. சொன்ன பிறகுதான் தாளை உற்றுப் பார்த்தார். கோட்டுக்கு அடியில் ஒவ்வொரு எண்ணும் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலை படக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பல் மருத்துவர், எண்ணெய், ஒரு கைப்பிடி பவுடர், வளைந்த கோடு, வடம் பழுது என்ற குறிப்பு. படக்காரர் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"மூணு நாள் பறந்தது வீணாப் போச்சுக்கா. விமானம் வேற வேலைக்குப் போயாச்சு. அது திரும்பி வர்றதுக்குள்ள இலை கொட்டிடும். இந்த வருஷக் காடு இனி கிடைக்காது."

"தெரியும் தம்பி."

"கைக்கருவி சரியாத்தான் காட்டியிருக்கு. அத நம்பாம..."

காக்கா தாள்களை மேசையில் வைத்தார். "அந்த மூணு நாளும் துணி எப்படி இருந்துச்சோ, அந்த அளவு இதுல இருக்கு. வெளுப்போட சேர்ந்த அளவு. துணி அன்னிக்கு அப்படித்தானே இருந்துச்சு? விமானம் பார்த்ததும் அதைத்தானே?"

"அடிச்சிருக்கீங்களே?"

"அடிச்சேன். அழிக்கல. கைக்கருவியிலயும் அப்படியே இருக்கு."

படக்காரர் உட்கார்ந்தார். எண்களை ஏற்ற அரை மணி, கணக்கு ஓட ஒரு மணி ஆனது. காக்கா நாற்காலியில் உட்காரவில்லை. வேண்டாத பழக்கம், அளக்கும்போது நிற்பார். திரையில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக மாறி இறங்கியது. முதலில் தகரக் கூரை வெளுத்தது. பிறகு சாலை. காடு கடைசியில் வந்தது, அந்தப் பருவத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, பச்சையாக.

"ரோடு ரோடா இருக்கு" என்றார் படக்காரர். நன்றி என்றோ சபாஷ் என்றோ சொல்லவில்லை. இரண்டுமே பொருந்தியிருக்காது. கருவியை அனுப்ப வேண்டாம் என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார். காக்காவின் கோப்பில் கவனக்குறைவு என்று ஒரு குறிப்பும் எழுதினார். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

சாம்பல் துணியை அந்த வாரமே கணக்கிலிருந்து நீக்கினார்கள். காங்கிரீட் திட்டம் இன்னும் மேசையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் படக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கு வாசலில் நின்று கேட்டார்.

"அக்கா, அந்தக் காங்கிரீட் அழுக்கானா யார் கழுவுவாங்க?"

"யாரும் கழுவக் கூடாது சார்."

"அத எப்படித் தடுக்கிறது?"

"அதுக்குத்தான் ஒரு ஆள் வேணும்."

படக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடைசி வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார், ஒரே ஒரு கோடு. திட்டம் அப்படித்தான் மேலே போனது. "ஆள் தேவையில்லை" என்பதை இன்றும் அதில் படிக்கலாம்.

அடுத்த வருடம் துணி இல்லை. ஓடுபாதை முனையில், வெளிறிய காங்கிரீட்மேல் காக்கா கறுப்பு உடையில் காலுறையோடு பெருக்கிக்கொண்டிருந்தார். அளவுத் தாளில் அவரே ஒரு புதிய பத்தி சேர்த்திருந்தார்: "நேற்றிலிருந்து இதை யார் தொட்டார்கள்?" விமானி வானொலியில் கூப்பிட்டார்.

"காக்கா, உன் கூட்டையே காணோமே? துணி எங்க?"

"வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டாரு. நீங்க ஒழுங்காக் கோட்டுமேல பறங்க."

உண்மைதான். கழித்த துணியைக் கணவர் கேட்டு வாங்கிக் கடை முற்றத்துக்குமேல் நிழலுக்குக் கட்டியிருந்தார். விமானத்தின் பாதை அந்தத் தெருவுக்கு மேலே போகிறது என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்கு என்பதும் தெரியும்.

படங்கள் வந்த அன்று காக்கா முதலில் காங்கிரீட்டைப் பார்த்தார். கோடு தட்டையாக இருந்தது. பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, படத்தை நகரத்தின் பக்கம் நகர்த்தினார். சலவைக்கடைக்குப் பின்னால் ஒரு சாம்பல் சதுரம் இருந்தது. அதன் ஓரத்தில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. அந்தப் புள்ளியை மட்டும் தனியாக எடுத்து அதன் கோட்டை வரையச் சொன்னார். நீலத்தின் பக்கம் நன்றாகவே முதுகு வளைத்திருந்தது.

"மனுஷன், அன்னிக்குன்னு பார்த்து வெளுத்த சட்டை போட்டிருக்காரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அதைச் சேமித்துவைத்தார்.